எரிபொருளின் சூடும் எஞ்சினின் சுருதியும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் தானா ராத்தா. மலாய் மொழியில் 'தானா' என்றால் நிலம். 'ராத்தா' என்றால் மேடுபள்ளமின்றிச் சமமாக இருத்தல். சமநிலம் என்று பெயர் பெற்ற இவ்வூருக்குச் செல்லும் வழியோ சமமானதன்று. பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம், வளைவுக்குமேல் வளைவாக அச்சாலை ஏறிச் செல்கிறது. 1885 ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. தமிழ்த் தொழிலாளரின் கைகள் காட்டை அழித்துத் தேயிலைச் சரிவுகளை உருவாக்கின. பின்னர்க் காய்கறித் தோட்டங்களும் பெருகின.

இத்தோட்டங்களின் விளைச்சலைச் சுமந்து சேற்றிலும் சரிவிலும் உழைத்த ஊர்தி லேண்ட் ரோவர். 1948 இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகினர் பார்வைக்கு வைக்கப்பட்ட இவ்வண்டி, கேமரன் மலைக்கே ஓர் அடையாளமாகிவிட்டது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்து அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகள்கூட இம்மலையில் ஓடுகின்றன. இவ்வளவு பழைய வண்டி, பிறந்த மேனியாகவே இருப்பது அரிது. தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதும், கார்புரேட்டரை மாற்றுவதும், எரிபொருள் பம்பைப் பெரிதாக்குவதும் பழைய வண்டி வைத்திருப்போரிடம் எங்கும் காணப்படும் வழக்கமே. வேகத்தை விரும்பிக் காரை மாற்றியமைக்கும் இளைஞரும் இதையே செய்கின்றனர்.

இவ்வாறு மாற்றியமைத்த எஞ்சினை ஒழுங்குபடுத்தும்போது பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. அதுதான் எரிபொருளின் வெப்பநிலை. மலைமேல் இனிமையாக இயங்கிய வண்டி தாப்பாவில் இறங்கியதும் 'டிக் டிக்' எனத் தட்டுவதும், சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி ரிங்லெட்டை எட்டுமுன் மூச்சடைத்து நிற்பதும் ஏன்? விடையின் ஒரு பகுதி காற்றில் இருக்கிறது; மறு பகுதி எரிபொருளின் சூட்டில் இருக்கிறது.

சுருதி கூட்டுதல்

யாழின் நரம்புகளைப் பண்ணுக்கேற்ப அமைப்பதைப் 'பண்ணல்' என்றனர் நம் முன்னோர். மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் வாரைத் தட்டிச் சுருதி கூட்டுவார். அரங்கின் குளிர்ச்சியாலோ ஈரத்தாலோ தோல் தளர்ந்தால் இடையிலும் மீண்டும் தட்டுவார். எஞ்சினை 'ட்யூன்' செய்வதும் இத்தகையதே. இங்கே கூட்டப்படும் சுருதி, காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதமும், தீப்பொறி எழ வேண்டிய நேரமுமாகும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மிகுந்த ஆற்றல் வேண்டும்போது காற்று 12.5 முதல் 13 கிலோ வரை இருக்குமாறு கலவையைச் செறிவாக வைப்பர். காற்றின் பங்கு மிகுந்தால் கலவை மெலிகிறது என்பர். சுமையேற்றிய எஞ்சினில் கலவை மெலியுமானால், எரியறையின் சூடு ஏறும்; வாயில் எனப்படும் வால்வுகள் கருகும்; பிஸ்டன் உருகவும் கூடும். எரிபொருளின் பங்கு மிகுந்தாலோ கரும்புகை எழும், எண்ணெய் வீணாகும், தீப்பொறிக் கட்டையில் கரி படியும்.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எரிதல் எடையைப் பொறுத்தது. கருவிகளோ பெரும்பாலும் கன அளவைக்கொண்டே அளந்து ஊற்றுகின்றன. எடைக்கும் கன அளவுக்கும் இடையே நின்று கணக்கை மாற்றுவது வெப்பமாகும்.

வெப்பம் செய்யும் முதல் வேலை: விரிவு

ஒரு பாகை செல்சியஸ் சூடு ஏறும்போது பெட்ரோல் தன் கன அளவில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரிகிறது. டீசல் இதனிற் சற்றுக் குறைவாக, பத்தாயிரத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மேலாக விரிகிறது. தானா ராத்தாவின் விடியற்குளிரில் 15 பாகையில் 50 லிட்டர் பெட்ரோலைத் தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு, நண்பகலில் தாப்பாவின் வெயிலில் வண்டியை நிறுத்தினால், பெட்ரோலின் சூடு 35 பாகையை எட்டும்போது அது ஏறத்தாழ ஒரு லிட்டர் மிகுந்துவிடும். கழுத்துவரை நிரப்பிய தொட்டியில் அந்த ஒரு லிட்டருக்கு இடமேது? மூடியின் வழியாகக் கசியும் பெட்ரோல் நெருப்புக்கு அழைப்பு விடுவதாகும். தொட்டியில் சிறிது வெற்றிடம் விடவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

விரிந்த எரிபொருள் கார்புரேட்டரின் சிறு துளையான 'ஜெட்' வழியாகப் பாயும்போது என்ன நிகழும்? துளையின் வழியே பாயும் எடை, அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அடர்த்தி நூற்றுக்கு 2 குறைந்தால் பாயும் எடை நூற்றுக்கு 1 தான் குறையும். எஞ்சினைக் குளிர்ந்த எரிபொருளில் ஒழுங்குபடுத்திவிட்டு, பின்னர் எரிபொருள் 40 பாகை சூடேறுவதாகக் கொண்டால், பாயும் எடை நூற்றுக்கு ஏறத்தாழ 2 குறைகிறது. 12.5 என்று அமைத்த கலவை 12.7 ஆகிறது. சாதாரண வண்டிக்கு இது பொருட்டன்று. ஆனால் ஆற்றலின் விளிம்புவரை இழுத்துக் கட்டிய எஞ்சினுக்கு அந்த நூற்றுக்கு இரண்டும் பாதுகாப்புக்கென விட்ட இடைவெளியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

பிரிட்டனில் செய்யப்பட்ட எஸ்.யு. கார்புரேட்டரின் எச்.ஐ.எப். வகையில் இதற்கென ஒரு நுட்பம் அமைந்திருந்தது. இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்றன்மேல் ஜெட் தாங்கப்பட்டிருக்கும். எரிபொருளின் சூட்டுக்கேற்பத் தகடு வளைந்து ஜெட்டைச் சிறிதே உயர்த்தும் அல்லது தாழ்த்தும். எரிபொருளின் சூடு கலவையை மாற்றும் என்பதைப் பொறியாளர் எவ்வளவு நுணுக்கமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இத்தகடே சான்று.

இரண்டாம் வேலை: ஆவியடைப்பு

விரிவைக் காட்டிலும் பெருந்தொல்லை தருவது கொதிப்பு. பெட்ரோல் ஒரே பொருளன்று. பல நீர்க்கரிமங்களின் கலவை. அவற்றுள் மெல்லியவை ஏறத்தாழ 35 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். கடியவை 200 பாகை வரை தாங்கும். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் தானா ராத்தாவில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பெட்ரோலின் கொதிநிலையும் அவ்வாறே ஐந்து பாகை அளவுக்குத் தாழ்கிறது.

மலையேறும் வண்டியின் நிலையை இப்போது எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளியே குளிர்ந்த காற்று, ஆயினும் வண்டி மெல்ல நகர்கிறது, சுமையோ பெரிது. காற்று விரைந்து பாயாமையால் மூடிக்குள்ளே எஞ்சின் கொதிக்கிறது. கொதிநிலை தாழும் இடமும், எஞ்சின் மிகச் சூடாகும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பழைய வண்டிகளில் பம்பு எஞ்சினிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பின்னே உள்ள தொட்டியிலிருந்து அது எரிபொருளை உறிஞ்சவேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் மேலும் குறைகிறது. அங்கே பெட்ரோல் குமிழியிட்டு ஆவியாகிறது. நீர்மத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பு ஆவியை அழுத்திக்கொண்டே வீணே உழைக்கிறது. எஞ்சின் தவிக்கிறது; பிறகு நிற்கிறது. இதுவே ஆவியடைப்பு.

மலைச்சாலையில் எஞ்சின் நிற்பது வெறுந் தொல்லை மட்டுமன்று. பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சினிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சின் நின்றபின் இரண்டொரு முறை மிதித்ததும் அவ்வுதவி தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். பின்னே பள்ளமும் முன்னே வளைவுமாக இருக்கும் இடத்தில் இது உயிரோடு விளையாடும் செயலாகும்.

தமிழ்நாட்டில் அம்பாஸடர் கார் ஓட்டிய பழைய ஓட்டுநர்கள், மலைப்பாதையில் வண்டி நின்றால் நனைத்த துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றுவர். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். இது கைவைத்தியமே ஆயினும் அறிவியலுக்கு உடன்பட்டது. துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. உள்ளிருந்த பெட்ரோல் ஆவி மீண்டும் நீர்மமாகிறது. நிலைத்த தீர்வு வேறு. மின்பம்பைத் தொட்டிக்கு அருகே வைத்துத் தள்ளச் செய்தல் வேண்டும்; புகைபோக்கிக் குழாய்க்கு அருகே எரிபொருள் குழாய் செல்லாமல் மாற்றுதல் வேண்டும்; இடையே வெப்பத்தடுப்புத் தகடு அமைத்தல் வேண்டும். அழுத்தத்தில் உள்ள நீர்மம் எளிதில் கொதிக்காது. ஆகையால்தான் உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் புதிய எஞ்சின்களில் ஆவியடைப்பு அரிதாகிவிட்டது.

வண்டியை நிறுத்தியபின் தோன்றும் குறை இதற்கு நேர்மாறானது. ஏறி வந்த வண்டியைத் தேநீர் அருந்த நிறுத்துகிறார் ஒருவர். விசிறி நின்றுவிடுகிறது, எஞ்சினின் சூடு மேலேறி கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தை எட்டுகிறது. அங்கே கொதித்த பெட்ரோல் பொங்கி உள்வழியில் வழிகிறது. பத்து நிமிடம் கழித்துத் திருகினால் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. ஓடும்போது எரிபொருள் பற்றாமை. நின்றபின் எரிபொருள் மிகுதி. இரண்டுக்கும் காரணம் சூடொன்றே. இதனை அறியாதவர் முதற்குறைக்கு ஜெட்டைப் பெரிதாக்குவார், இரண்டாங்குறைக்குச் சிறிதாக்குவார், நோய் தீராது.

குளிர்ச்சி எப்போதும் நன்மையா?

எரிபொருளும் காற்றும் குளிரக் குளிர ஆற்றல் மிகும் என்பது மாற்றியமைப்போரிடை வழங்கும் நம்பிக்கை. இது பாதி உண்மை. பெட்ரோல் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. உரிய அளவு பெட்ரோல் முழுதும் காற்றிலேயே ஆவியாகுமானால் காற்று 20 பாகைக்கு மேல் குளிரும். குளிர்ந்த காற்று அடர்ந்தது. அடர்ந்த காற்று மிகுந்த ஆற்றல் தருவது. இதனாலேயே நேரோட்டப் பந்தயக்காரர் எரிபொருள் குழாயைப் பனிக்கட்டி நிரம்பிய கலத்தினுள் சுருளாகச் செலுத்துவர்.

ஆனால் தானா ராத்தாவின் பனிமூட்டக் காலையில் நிகழ்வது வேறு. 16, 17 பாகைக் குளிரும் நிறைந்த ஈரமும் கொண்ட காற்று கார்புரேட்டரினுள் மேலும் 20 பாகை குளிருமானால், அதிலுள்ள நீராவி உறைந்து பனிக்கட்டியாகிக் காற்றுவழியை அடைக்கும். வெளியே எங்கும் பனி உறையாதபோதும் கார்புரேட்டரினுள் உறையும். இதைத் தடுக்கவே, புகைபோக்கியின் சூட்டை உள்வழிக்கு ஊட்டும் அமைப்பைத் தொழிற்சாலையினர் வைத்தனர். குளிர்ந்த காற்று வேண்டுமெனக் கருதி அதைக் கழற்றி எறிபவர், காலைக் குளிரில் எஞ்சின் திணறி அணைவதைக் கண்டு கார்புரேட்டரைக் குறைகூறுவர். மேலும், குளிர்ந்த பெட்ரோல் நன்றாக ஆவியாவதில்லை. துளிகளாகவே உருளையினுள் சென்று சுவரில் ஒட்டி, மசகு எண்ணெயைக் கழுவிவிடும்.

பந்தயத்தில் ஒரு வழக்கு

எரிபொருளின் குளிர்ச்சி உலகப் பட்டமொன்றையே அசைத்துப் பார்த்த நிகழ்ச்சியும் உண்டு. 2007 இல் நடைமுறையில் இருந்த பார்முலா ஒன் பந்தய விதியின்படி, எரிபொருள் சுற்றுப்புற வெப்பநிலையைவிட 10 பாகைக்கு மேல் குளிர்ந்திருத்தல் ஆகாது என்றிருந்தது. 2007 அக்டோபர் 21 அன்று பிரேசிலில் நடந்த இறுதிப் பந்தயத்தில் கிமி ரைக்கோனன் வென்று, லூயிஸ் ஹாமில்டனை ஒரே புள்ளியில் முந்தி உலகப் பட்டம் பெற்றார். ஏழாவதாக வந்த ஹாமில்டனுக்கு முன்னே நான்காம், ஐந்தாம், ஆறாம் இடங்களில் வந்த வில்லியம்ஸ், பி.எம்.டபிள்யு. சாபர் வண்டிகளின் எரிபொருள் விதியின் எல்லையைக் கடந்து குளிர்ந்திருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவை நீக்கப்பட்டால் ஹாமில்டன் நான்காமிடம் ஏறிப் பட்டமும் பெறுவார். ஆயின் சுற்றுப்புற வெப்பநிலைக்கு இரண்டு அளவீடுகள் இருந்தன. வண்டிக்குள் சென்ற எரிபொருளின் வெப்பநிலையும் ஐயமற நிறுவப்படவில்லை. நடுவர்கள் தண்டிக்கவில்லை. மக்லாரன் அணியின் மேல்முறையீடும் நவம்பரில் தள்ளுபடியாயிற்று. இரண்டு மூன்று பாகை வேறுபாட்டுக்காக இவ்வளவு பெரிய வழக்கு நடந்தது! குளிர்ந்த எரிபொருள் எடைமிக்கது, நிரப்பும் நேரம் குறையும், காற்றையும் குளிர்விக்கும். நொடியின் பகுதிகளை எண்ணும் பந்தயத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

காற்றோடு ஒப்பிட்டால்

எனினும், மலையேறும் வண்டிக்குக் காற்றின் மாற்றமே முதன்மையானது. எரிபொருளின் விரிவு அதற்கு அடுத்ததுதான். தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்து அழுத்தத்தில் நூற்றுக்கு 84, 85 பங்கே. குளிர்ச்சி இதனை ஓரளவு ஈடு செய்கிறது. 32 பாகை வெயிலில் உள்ள சமவெளிக் காற்றோடு 18 பாகையில் உள்ள மலைக்காற்றை ஒப்பிட்டால், அடர்த்தி நூற்றுக்கு 12 குறைவு. கார்புரேட்டர் வண்டியில் இதனால் கலவை நூற்றுக்கு 6 அளவு செறிவாகும். எரிபொருளின் 40 பாகைச் சூடு செய்யும் மாற்றத்தைப்போல் இது மூன்று மடங்கு.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. தானா ராத்தாவில் சிக்கனத்துக்காகக் கலவையை 14 என்று அமைத்தவர், தாப்பாவில் இறங்கியதும் அது 14.9 ஆகிவிடுகிறது. அங்கே எரிபொருளும் சூடேறியிருக்கும். கலவை இன்னும் மெலியும். மலையில் உருளையின் அழுத்தம் குறைவாதலால் தீப்பொறியை முன்னதாக எழுப்பினாலும் எஞ்சின் தட்டாது. அதே அமைப்போடு சமவெளியில் சுமையேற்றினால் தட்டும். மெலிந்த கலவை, முந்திய பொறி, சூடான எரிபொருள் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும்போதே பிஸ்டன் துளைபடுகிறது. மலையில் சுருதி கூட்டி மலையிலேயே ஓட்டுபவருக்குத் தீங்கில்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குபவர் சமவெளியிலேயே சுருதி கூட்டல் வேண்டும். மேலே சிறிது புகைத்தாலும் எஞ்சின் பிழைக்கும்.

டீசல் வண்டிகளின் கணக்கு

பழைய டீசல் பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த கன அளவை அளந்து தள்ளுகிறது. ஆகையால் இங்கே வர்க்கமூலத்தின் சலுகை இல்லை. டீசல் 20 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏறினால் எடை நூற்றுக்கு 4 குறைகிறது. ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. சூட்டால் நீர்த்த டீசல் பம்பின் இடுக்குகளில் கசிந்து இழப்பை இன்னும் மிகுவிக்கும். டீசல் எப்படிச் சூடாகிறது? எஞ்சினுக்குச் சென்று மீளும் எண்ணெய் சூட்டையும் சுமந்துகொண்டு தொட்டிக்குத் திரும்புகிறது. தொட்டி நிறைந்திருந்தால் அச்சூடு பரந்து கரையும். அடியில் சிறிதளவே இருந்தால் விரைந்து ஏறும்.

லேண்ட் ரோவர் நிறுவனம் 1998 இல் கொணர்ந்த டி.டி.5 எஞ்சினில் இதற்கு விடை காணப்பட்டது. திரும்பும் டீசலைக் குளிர்விக்கத் தனிக் கருவியும், அதன் வெப்பநிலையை அளக்கும் உணரியும் அதில் உண்டு. கணினி அவ்வளவீட்டைக் கொண்டு தெளிக்கும் அளவைத் திருத்திக்கொள்கிறது. பழைய உடலில் இத்தகைய எஞ்சினைப் பொருத்துவோர் சிலர், இடமில்லை என்று குளிர்விப்பானை விட்டுவிடுகின்றனர். தேவையற்றதாகத் தோன்றும் பொருளே சில வேளைகளில் எஞ்சினைக் காக்கும் பொருளாக அமைகிறது.

கணினி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமா?

இன்றைய பெட்ரோல் கார்களில் புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் உணரி கலவையை இடைவிடாது திருத்துகிறது. ஆதலால் எரிபொருள் சூடானாலும் சாதாரண ஓட்டத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் பழைய முறையில் அமைந்த கணினிகளிலும், மாற்றியமைத்த கார்களிற் பலவற்றிலும், மிதியை முழுதும் அழுத்தும்போது இத்திருத்தம் நின்று, முன்பே எழுதிவைத்த அட்டவணையின்படியே எரிபொருள் செல்லும். ஆபத்தான அவ்வேளையில்தான் துணை இல்லாமற்போகிறது. மேலும், பெரிய பம்பு இடைவிடாது எரிபொருளைச் சுழற்றித் தொட்டி முழுவதையும் சூடாக்கிவிடும். தெளிப்பானின் மின்சுருளும் சூட்டால் தடை மிகுந்து, திறக்கச் சற்றுத் தாமதிக்கும். காலையில் குளிர்ந்த தொட்டியோடு பட்டறையில் எழுதிய அட்டவணை மாலையில் பொய்க்கும். எரிபொருள் வெப்பநிலை உணரி ஒன்றைப் பொருத்தி, அதற்குரிய திருத்த அட்டவணையையும் எழுதுவதே முறையான வழி.

எனவே எஞ்சினை ஒழுங்குபடுத்துவோர் கலவையின் எண்ணை மட்டும் குறித்துவைத்தல் போதாது. அந்நேரத்துக் காற்றின் வெப்பம், எரிபொருளின் வெப்பம், இடத்தின் உயரம் ஆகிய மூன்றையும் உடன் குறித்தல் வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறியபின், அரை மணி நேரமாவது ஓட்டிய வண்டியிலேயே இறுதி அளவை எடுத்தல் வேண்டும். குறை தோன்றினால் ஜெட்டைத் தொடுமுன் எரிபொருள் குழாய் செல்லும் வழியைக் கையால் தடவிப் பார்த்தல் நன்று. குழாய் எங்கே சுடுகிறதோ அங்கேயே நோய் இருக்கக்கூடும்.

நோயின் முதலை நாடி அதன்பின் மருந்தளித்தல் மருத்துவத்துக்கு மட்டும் உரிய நெறியன்று. தேயிலைச் சரிவில் சுமையோடு ஏறும் பழைய வண்டிக்கும் அந்நெறியே பொருந்தும். அதன் சுருதி, கூட்டிய இடத்திலும் கூட்டிய சூட்டிலும் மட்டுமே மெய்யானது. இடமும் சூடும் மாறுமிடத்துச் சுருதியும் மாறும் என்பதை உணர்ந்தவரே அதனைக் காக்க வல்லவர்.